திறனாய்வு நோட்ஸ்: வேலூர் ஜெராக்ஸ் கடைகளில் கிடைக்கும் ஸ்பைரல் பிரதி

வேலூர், காட்பாடி கல்லூரிகளைச் சுற்றியுள்ள ஜெராக்ஸ் கடைகளில் எம்.ஏ. தமிழ் மாணவர்களுக்கென்று ஒரு திறனாய்வு நோட்ஸ் ஓடிக்கொண்டிருக்கிறது. ஆசிரியர் பெயர் கிடையாது. பாதி உருவவியல் (படைப்பின் வடிவத்தை வைத்து ஆராய்வது), பாதி மார்க்சியம். நெட், செட், பி.ஜி. டி.ஆர்.பி. என்ற ஆசிரியர் பணிக்கான தேர்வுகளை எழுதுகிறவர்களும் இதைத்தான் வாங்குகிறார்கள். மார்க்சியப் பாதிக்காக வாங்கலாம். உருவவியல் பாதியைப் பேனாவும் கையுமாகத் திருத்திக்கொண்டுதான் படிக்க வேண்டும்.

ருஷ்யர்களையும் அமெரிக்கர்களையும் ஒரே தலைப்பில் போட்டுக் குழப்பியிருக்கிறார்கள். பழகிப்போனதைப் புதிதாகப் பார்க்க வைப்பதே கலையின் வேலை என்று 1917-இல் எழுதியவர் ருஷ்ய உருவவியலாளர் ஷ்க்லோவ்ஸ்கி. நோட்ஸ் அதை அமெரிக்கரான கிளியந்த் புரூக்ஸ் கணக்கில் வரவு வைத்துவிட்டது. புரூக்ஸும் ரான்சமும் புதுத் திறனாய்வை, அதாவது ஆசிரியர், காலம் எல்லாவற்றையும் ஒதுக்கிவிட்டுப் பாட்டின் சொற்களையே நெருங்கிப் படிக்கும் அமெரிக்க முறையைச் சேர்ந்தவர்கள். அதே அணியின் விம்சாட்டும் பியர்ட்ஸ்லியும் ஆசிரியரின் நோக்கத்தை அளவுகோலாக்குவது பிழை என்று எழுதியது 1946-இல். வாசகருக்கு எழும் உணர்ச்சியை அளவுகோலாக்குவதும் பிழை என்றது 1949-இல். நோட்ஸில் இரண்டுக்கும் ஒரே ஆண்டு. கொள்குறி வினாவில் மதிப்பெண் போவது இப்படித்தான்.

அதைவிடப் பெரிய குறை, செய்முறை இல்லாதது. மலைபடுகடாம் நம் செங்கம் பக்கத்துத் தலைவன் நன்னனிடம் பரிசில் பெறக் கூத்தருக்கு வழிகாட்டும் சங்கப் பாட்டு (ஆற்றுப்படை), 583 அடி. அதற்கு மாதிரி விடையாக “முரண், இறுக்கம், ஒருமை காணப்படுகின்றன” என்று ஒரே வரி. எங்கே காணப்படுகின்றன? உரையை மூடிவைத்துவிட்டு ஓசை வரும் இடங்களை மட்டும் அடிக்கோடிடுங்கள். தொடக்கத்தில் கூத்தரின் இசைக்கருவிகள் ‘விண்ணதிர் இமிழிசை கடுப்ப’ இடிபோல முழங்குகின்றன. நடுவில் அருவி, விலங்கு, மனிதர் என்று மலையின் ஓசைகள் அடுக்கடுக்காக வந்து, ‘மலைபடுகடாஅம் மாதிரத்து இயம்ப’ என்ற இடத்தில் மலையே மதம் பொழியும் யானையாகிவிடுகிறது. கூத்தர் சுமந்து வரும் ஓசைக்கு மலை பதில் சொல்கிறது. இவ்வளவும் எழுதிய பிறகு ‘ஒருமை’ என்று எழுதலாம். நேரம் குறைவென்றால் இந்த முறையைக் குறுந்தொகைப் பாட்டில் காட்டுவது நல்லது. எட்டடிக்குள் வேலை முடியும். நீண்ட ஆற்றுப்படையில் வழி, ஊர், சாப்பாடு என்று வருவதையெல்லாம் புதுத் திறனாய்வு எங்கே வைப்பதென்று தெரியாமல் விட்டுவிடும்.

அங்கேதான் மார்க்சியப் பாதி கைகொடுக்கிறது. மார்க்ஸின் 1859 முன்னுரையிலிருந்து அடித்தளம் (பொருளாதார உறவுகள்), மேற்கட்டுமானம் (அதன்மேல் எழும் சட்டம், அரசியல், கலை) இரண்டையும் தெளிவாக விளக்குகிறார்கள். பொருளாதாரம் ஒன்றே எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது என்று தானும் மார்க்ஸும் சொல்லவில்லை என 1890-இல் எங்கெல்ஸ் எழுதிய கடிதத்தையும் மறக்காமல் சேர்த்திருக்கிறார்கள். தமிழின் மார்க்சியத் திறனாய்வாளர்களான கைலாசபதி, நா. வானமாமலை பற்றிய பக்கங்கள் சுருக்கமானவை, ஆனால் பிழையில்லை.

மாதிரி விடையில் மட்டும் சறுக்கல். “நிலவுடைமைச் சமூகத்தைப் பிரதிபலிக்கிறது” என்பது எந்தப் பாட்டிலும் ஒட்டுகிற லேபிள். அதற்குப் பதில் யார் யாருக்கு என்ன கொடுக்கிறார்கள் என்று பட்டியல் போடுங்கள். குறவர் குடியில் ‘நும் இல் போல நில்லாது புக்கு’ நெய்யில் வெந்த இறைச்சியும் தினைச்சோறும் சாப்பிடலாம். ஆனால் அதற்கு முன்னால் ஒரு நிபந்தனை உண்டு: ‘மான விறல்வேள் வயிரியம் எனினே’. நன்னனின் கூத்தர் என்று சொன்னால்தான். அப்படியானால் இது விருந்தோம்பலா, தலைவன் பெயருக்குச் செலுத்தும் திறையா? அதே மலையில் தினைப்புனம் காப்பவர்கள் யானையை விரட்டக் கவண்கல் எறிகிறார்கள். கூத்தர் அதில் அடிபடாமல் போக வேண்டும் என்று பாட்டே எச்சரிக்கிறது. சோறு யாருடைய உழைப்பில் வந்தது என்பதற்குச் சான்று கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. நோட்ஸ் இதைத் தொடவே இல்லை.

ஒப்பிட்டு எழுதச் சொன்னால் கடைசி அடிகளை எடுங்கள். நன்னன் ‘தலைநாள் விடுக்கும் பரிசில்’. வந்த அன்றே கொடுத்தனுப்புவான் என்று பாட்டு உறுதி சொல்வதில், பரிசிலுக்காகக் காத்துக் கிடப்பவர்களின் கவலையை மார்க்சியர் பார்ப்பார். ‘திருமழை’யில் தொடங்கிய பாட்டு ‘மலைநீர்’ வெற்றிக்கொடிபோலத் தோன்றும் நாட்டில் வந்து முடிவதைப் புதுத் திறனாய்வாளர் பார்ப்பார். நன்னன் யார், எந்த ஊர் என்ற கேள்வியைப் புதுத் திறனாய்வாளர் தள்ளிவைப்பார்; மார்க்சியருக்கு அதுவே முதல் கேள்வி.

வாங்குமுன் பக்கங்களைப் புரட்டிவிடுங்கள். பிரதிக்குப் பிரதி எடுத்தது, ஆண்டு எண்களில் 6 எது, 8 எது என்று சில தாள்களில் தெரியவில்லை.