காலக்கோடு: சுவரா, நோட்டா, அட்டைப் பெட்டியா?

வீட்டிலேயே பிள்ளைகளுக்கு வரலாறு சொல்லித் தருகிறவர்களுக்கு இந்தக் குழப்பம் வரும்: காலக்கோட்டைச் சுவரில் கட்டுவதா, நோட்டில் எழுதுவதா, படம் வரைந்த அட்டைகளாகப் பெட்டியில் அடுக்குவதா? என் ஓட்டு அட்டைக்கு. ஆனால் ஒரு விஷயத்தில் அது சுவரிடம் தோற்கும்.

அந்த விஷயம் இடைவெளி. சுவரில் கட்டிய கயிற்றில் ஆண்டுக்கு 1 மி.மீ. என்று வைத்தால் 5,000 ஆண்டுகளுக்கு 5 மீட்டர். கி.மு. 2560 வாக்கில் எழுந்த கிசா பிரமிடிலிருந்து கிளியோபாட்ரா இறந்த கி.மு. 30 வரை இரண்டரை மீட்டர். அங்கிருந்து நிலாவில் மனிதன் இறங்கிய 1969க்கு 2 மீட்டர்தான். நடந்து பார்க்கிற பிள்ளைக்கு இதை விளக்கவே வேண்டாம். சிக்கல் கடைசியில் இருக்கிறது: 20ஆம் நூற்றாண்டு முழுவதற்கும் 10 செ.மீ.தான். ஒரு படம் மாட்டினாலே இடம் தீர்ந்துவிடும்.

நோட்டில் நூற்றாண்டுக்கு எதிரெதிரான இரண்டு பக்கங்களை ஒதுக்கலாம். பழைய பக்கங்கள் காலியாகக் கிடக்கும், புதியவை பிதுங்கும். சரளமாக எழுத வராத பிள்ளைக்கு இது வேண்டாம்.

அட்டைக்கு வருவோம். ஏ4 தாளை நான்காக வெட்டினால் நான்கு ஏ6 அட்டைகள். கொஞ்சம் தடித்த தாளாக இருக்கட்டும். முன்பக்கம் படமும் பெயரும், பின்பக்கம் ஆண்டு. ஆண்டை முன்னால் எழுதிவிட்டால் வரிசைப்படுத்தும் விளையாட்டு போச்சு. மேல் விளிம்பில் நாட்டுக்கு ஒரு நிறம் பூசினால் பெட்டியை மேலிருந்து பார்த்தே தேடலாம். ஆட்சிக்காலத்துக்குத் தொடக்க ஆண்டா, முடிவு ஆண்டா என்பதை முதலிலேயே முடிவு செய்துவிடுங்கள். நான் தொடக்கத்தையே எடுப்பேன். அப்படி அடுக்கினால் அக்பரும் (1556) இங்கிலாந்தின் முதலாம் எலிசபெத்தும் (1558) பக்கத்தில் பக்கத்தில் வருவார்கள். தாஜ்மகால் வேலை தொடங்கிய 1632க்கு அடுத்து கலிலியோ விசாரணைக்கு நின்ற 1633. நாடு நாடாகப் பிரித்துப் படித்தால் இது கண்ணில் படாது.

துளையிட்டு வளையத்தில் கோக்கலாமே என்பார்கள். கோத்தால் தொலையாது, சரிதான். ஆனால் இடையில் ஒன்றைச் செருக ஒவ்வொரு முறையும் வளையத்தைத் திறக்க வேண்டும். பெட்டி கவிழ்ந்தால் எல்லாம் சிதறும், நிஜம். மறுபடி அடுக்குவது அன்றைய பாடம்.

அப்புறம் அந்த இடைவெளிக் குறை. எப்போதாவது 5 மீட்டர் அளவு டேப்பைத் தரையில் இழுத்துவைத்து, அட்டைகளை அதனதன் மில்லிமீட்டரில் வைக்கச் சொல்லுங்கள். 1900க்குப் பிந்தையவை ஒன்றன்மேல் ஒன்றாகக் குவியும். குவியட்டும்.