சன்னலுக்குப் புள்ளி நாடா: பறவை மோதுவது நிற்குமா?

பெரும்பாலும் நிற்கும், வரிசையாகப் புள்ளிகள் கொண்ட இந்த ஒட்டு நாடாவைக் கண்ணாடியின் வெளிப்பக்கம் ஒட்டினால். உள்ளே ஒட்டினால் வெளியே பிரதிபலிக்கும் மரமும் வானமும் புள்ளிகளை மறைத்துவிடும். இந்த ஒரு தவறால் நாடா வீணாகப் போகலாம்.

வாங்கும்போது இரண்டு அளவு பாருங்கள். புள்ளியின் விட்டம் குறைந்தது 6 மி.மீ.; இடைவெளி குறுக்கிலும் நெடுக்கிலும் 5 செ.மீ. 10 செ.மீ. இடைவெளி உள்ளதை எடுக்காதீர்கள். சிறு பறவை அந்தச் சந்துக்குள் புகுந்துவிடலாம் என்று நம்பி வந்து மோதும். 1.2 மீட்டருக்கு 1.5 மீட்டர் சன்னலுக்கு 720 புள்ளி வேண்டும். கருமையான பிரதிபலிப்பின் மேல் வெள்ளைப் புள்ளி எடுப்பாகத் தெரியும்.

முதலில் சோப்புத் தண்ணீரால் கழுவி, பிறகு ஆல்கஹால் நனைத்த துணியால் துடையுங்கள். சட்டத்தின் இருபுறமும் 5 செ.மீ.க்கு ஒரு பென்சில் குறி. நாடாவை இருவர் பிடித்து ஒட்டி, ஒவ்வொரு புள்ளியையும் பிளாஸ்டிக் அட்டையால் அழுத்தித் தேய்க்க வேண்டும். புள்ளிகளைத் தாங்கி வரும் மேல்தாளைக் கண்ணாடியோடு ஒட்டினாற்போல் பின்னுக்கு மடித்து மெல்ல உரியுங்கள். வெடுக்கென்று இழுத்தால் புள்ளியும் கூடவே வந்துவிடும். வெயிலில் சுட்ட கண்ணாடியில் பசை உடனே பிடித்துக்கொள்ளும், கோணினால் திருத்த முடியாது. ஈரம் இருந்தால் ஓரம் கிளம்பும்.

பருந்து உருவ ஸ்டிக்கர் ஒன்றிரண்டு போதும் என்று பலர் நினைக்கிறார்கள். போதாது. பறவை அதற்கு அஞ்சுவதில்லை. விலகி, பக்கத்துக் கண்ணாடியில் மோதும்.

"காட்சி கெடுகிறது" என்ற குறைக்குக் கணக்கே பதில்: இந்த அளவில் புள்ளிகள் மறைப்பது பரப்பில் 1 விழுக்காடு அளவுக்குத்தான். மறுபக்கம், அமெரிக்காவில் மட்டும் ஆண்டுக்கு 36.5 கோடி முதல் 98.8 கோடிப் பறவைகள் கண்ணாடியில் மோதிச் சாகின்றன என்று 2014-இல் வெளியான ஆய்வு மதிப்பிட்டது. அதில் வானளாவிய கட்டடங்களின் பங்கு 1 விழுக்காட்டுக்கும் கீழே. மீதியெல்லாம் வீடுகளும் உயரம் குறைந்த கட்டடங்களும். மோதிய இடத்தில் சில சமயம் இறகுப்பொடி படிந்து, விரிந்த சிறகு அப்படியே அச்சாகத் தெரியும். கீழே உடல் இல்லையென்றால் தப்பித்தது என்று எண்ணிவிடுகிறோம். பறந்துபோனதில் பல, தலைக்குள் ரத்தம் கசிந்து பிறகு சாகின்றன. கண்ணாடியை வைத்தவர்கள் நாம், ஒட்டும் பொறுப்பும் நம்முடையது.

5-க்கு 4 தரலாம். ஒட்டும் வேலை பொறுமையைச் சோதிக்கிறது, ஆகவே ஒன்று குறைவு. அந்தப் பொறுமை இல்லாதவர்கள் சன்னலுக்கு வெளியே 10 செ.மீ.க்கு ஒன்றாக மெல்லிய கயிறுகளைத் தொங்கவிடலாம், அதுவும் வேலை செய்யும்; புள்ளிக்கு ஆகாத இந்த இடைவெளி, மேலிருந்து கீழ்வரை தொங்கும் கயிற்றுக்குப் போதும். எல்லாச் சன்னலுக்கும் ஒரே நாளில் முடியாதென்றால், மரமோ பறவைகள் குடிக்கும் நீர்த்தொட்டியோ பிரதிபலிக்கும் சன்னலை முதலில் எடுங்கள்.