மட்டக்களப்பில் டிஜிட்டல் விளம்பர வேலை: நீண்டகாலப் புழக்கத்தில் தெரிந்தவை

மட்டக்களப்பு நகரிலும் கல்முனையிலும் உள்ள டிஜிட்டல் விளம்பர கொம்பனிகள் பெரும்பாலும் சிறியவை. கடைக்கு மேல்மாடியில் ஓர் அறை, நாலைந்து கணினி, ஒரு கமெரா, இரண்டு லைட். டிசைனர், வீடியோ எடிட்டர், விளம்பரம் ஓட்டுபவர் என்று பதவிகள் தனித்தனியாக இருந்தாலும் சேருகிறவர் மூன்றையும் தொட வேண்டி வரும். போஸ்டர் செய்யவும், காசு கட்டிப் பதிவைக் கூடுதல் பேருக்குக் காட்டும் பூஸ்ட் போடவும் தெரிந்தவர் முதல் மாதத்தைச் சமாளித்துவிடுவார். அதற்குப் பிறகுதான் வேலையின் பாரம் எங்கே இருக்கிறது என்று தெரியவரும். கடைக்காரரின் காசை எந்த ஊரில், எந்த மொழியில், எந்த வாரத்தில் செலவழிப்பது என்ற முடிவு விளம்பரம் ஓட்டுபவரின் கையில் இருக்கிறது. கிழக்கின் நிலத்தையும் போகங்களையும் அறிந்தவருக்கு இந்த வேலை நன்றாகப் பிடிபடும்.

வரைபடத்திலிருந்தே தொடங்கலாம். பேஸ்புக், இன்ஸ்டகிராம் விளம்பரங்களை அமைக்கும் அட்ஸ் மனேஜரில் இடத்தைத் தெரிவு செய்யும்போது ஓர் ஊசியைக் குத்தி, அதைச் சுற்றி இத்தனை கிலோமீற்றர் என்று வட்டம் போடுவோம். கொழும்பில் ஓடும் இந்த முறை இங்கே இடறும். மட்டக்களப்பு மணிக்கூட்டுக் கோபுரத்தில் ஊசியைக் குத்தி 10 கிலோமீற்றர் வட்டம் போட்டால் கிழக்குப் பக்கத்தில் பெரும்பகுதி கடல். மேற்கே வாவியைத் தாண்டி வவுணதீவு பக்கம் வட்டத்துக்குள் வந்துவிடும். வரைபடத்தில் நேர்கோட்டுத் தூரம் குறைவுதான், ஆனால் படுவான்கரை எனப்படும் அந்த மேற்குக் கரையில் வவுணதீவிலிருந்து வருபவர் வலையிறவுப் பாலம் சுற்றித்தான் நகருக்கு வர வேண்டும். பிரியாணி டெலிவரிக்கு அந்த வட்டம் பயன்படாது. உழவு இயந்திர உதிரிப்பாகக் கடைக்கோ அதே படுவான்கரைதான் முதல் சந்தை. கடை எதை விற்கிறது என்று பார்க்காமல் போடும் வட்டத்தில் காசு கரையும்.

கல்முனையில் சிக்கல் வேறு மாதிரி. அங்கே ஊசி குத்தி 25 கிலோமீற்றர் போட்டால் சாய்ந்தமருது, நிந்தவூர், சம்மாந்துறை, அக்கரைப்பற்று எல்லாம் அடங்கும். கூடவே அம்பாறை நகரும் உகனையும் உள்ளே வரும். அங்கே பெரும்பாலும் சிங்களம் பேசுகிறவர்கள். தமிழில் எழுதிய விளம்பரம் அவர்கள் முன் ஓடிக் காசைத் தின்னும். பெரிய ஒற்றை வட்டத்தை விட்டுவிட்டுக் கரையோரத்தில் இரண்டு, மூன்று கிலோமீற்றர் அளவிலான சிறு வட்டங்களை வரிசையாக வைப்பதே நல்ல வழி. இல்லையென்றால் அம்பாறை நகரில் ஒரு விலக்கு வட்டம் போட வேண்டும். அந்தக் கடை அம்பாறையிலும் விற்க விரும்பினால் சிங்களத்தில் வேறு விளம்பரம், வேறு அட் செட் (இடம், ஆட்கள், பட்ஜெட்டைத் தீர்மானிக்கும் விளம்பரத் தொகுதி), சிங்களத்தில் பதில் சொல்ல ஆள். மூன்றாவது இல்லாமல் முதல் இரண்டும் வீண்.

மொழித் தெரிவில் தமிழ் என்று போடச் சொல்வார்கள், போடாதீர்கள். அந்தத் தெரிவு போனில் பேஸ்புக் எந்த மொழியில் திறக்கிறது என்பதைத்தான் முக்கியமாகப் பார்க்கிறது. இங்கே வீட்டில் தமிழ் பேசுகிற பெரும்பாலானோர் போனை ஆங்கிலத்தில்தான் வைத்திருக்கிறார்கள். தமிழ் என்று வடிகட்டினால் வாங்கக்கூடியவர்களே வெளியே போய்விடுவார்கள். ஆளைப் பிரிக்கும் வேலையை இடத்திடமும் விளம்பரத்தின் எழுத்திடமும் விட்டுவிடலாம்.

காணி, வீடு கட்டும் வேலை, நகை போன்றவற்றுக்கு வாங்குபவர் கட்டாரிலோ சவூதியிலோ இருப்பார். அவர்களை உள்ளூர் ஆட்களோடு ஒரே அட் செட்டில் போட்டால் முழுப் பட்ஜெட்டும் உள்ளூருக்கே போகும், ஏனென்றால் மெசேஜ் மலிவாகக் கிடைக்கும் பக்கம் பார்த்துத்தான் சிஸ்டம் காசைத் தள்ளும். வளைகுடாவுக்கு அட் செட் தனி, பட்ஜெட்டும் தனி. கட்டார் நேரம் நமக்கு இரண்டரை மணித்தியாலம் பின்னால். வேலை முடிந்து அவர்கள் போனை எடுக்கும்போது இங்கே நள்ளிரவு நெருங்கியிருக்கும். அந்த நேரத்து மெசேஜுக்கு யார் பதில் போடுவது என்பதைக் கடைக்காரரோடு முதலிலேயே பேசிக்கொள்ள வேண்டும்.

அடுத்தது பட்ஜெட்டைச் சில்லறையாக்கும் பழக்கம். விளம்பரத்தை யாருக்குக் காட்டுவது என்று சிஸ்டம் பழகும் காலம்தான் கற்றல் கட்டம். ஒரு அட் செட் அதைத் தாண்ட ஏழு நாளுக்குள் ஏறத்தாழ 50 முடிவுகள், அதாவது மெசேஜ் போன்ற பலன்கள், வேண்டும் என்று பேஸ்புக்கின் தாய்க் கொம்பனியான மெட்டா சொல்கிறது. ஒரு வட்ஸ்அப் மெசேஜுக்கு அரை டொலர் போகிறது என்று வைத்துக்கொண்டால் வாரத்துக்கு 25 டொலர். நாளுக்கு 4 டொலர் தரும் கடைக்கு ஒரே அட் செட்தான் தாங்கும். அதையே நாலாகப் பிரித்து காத்தான்குடிக்கு ஒன்று, ஏறாவூருக்கு ஒன்று என்று ஓட்டினால் எதுவும் கற்றல் கட்டத்தைத் தாண்டாது. கடைக்காரர் தினமும் போன் பண்ணி "படத்தை மாத்துங்க, பட்ஜெட்டைக் கூட்டுங்க" என்பார். பெரிய மாற்றம் ஒவ்வொன்றும் கற்றலைத் திரும்ப முதலிலிருந்து தொடங்க வைக்கும். மூன்று நாள் கை வைக்காமல் இருப்பதுதான் இந்த வேலையில் கடினமான ஒழுக்கம். நாள் பட்ஜெட்டை விடச் சில நாள் கூடுதலாகப் போவதைப் பார்த்துப் பதற வேண்டியதில்லை, வாரக் கணக்கில் ஏழு மடங்கைத் தாண்டாது. கூகுளில் ஒரு நாளில் இரண்டு மடங்கு வரை போகலாம், மாதத்துக்கு 30.4 மடங்குக்கு மேல் போகாது. இந்த இரண்டையும் கடைக்காரரிடம் முதல் நாளே சொல்லி வைத்தால் பாதிச் சண்டை மிச்சம்.

தமிழில் டிசைன் செய்பவருக்குத் தனித் தொல்லைகள் உண்டு. அச்சகங்களில் யூனிகோடுக்கு முந்திய பாமினி எழுத்துரு இன்னும் புழக்கத்தில் இருக்கிறது. கடைக்காரர் பழைய நோட்டீஸின் எழுத்தை அப்படியே அனுப்புவார். அதை எடுத்து கெப்ஷனில் ஒட்டினால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாக வந்து நிற்கும். யூனிகோடுக்கு மாற்றி, பிறகு ஒரு முறை கண்ணால் வாசிக்க வேண்டும், மாற்றியில் ஒற்றுகள் தவறுவதுண்டு. போட்டோஷொப்பின் பழைய பதிப்பில் யூனிகோட் எழுத்தைப் போட்டதும் "கொ"வின் கொம்பு இடம்மாறி உடைந்து நின்றால் எழுத்துருவில் குறையில்லை. டைப் தெரிவில் மத்திய கிழக்கு, தெற்காசிய எழுத்துக்கான அமைப்பைத் தெரிவு செய்து, மென்பொருளை மூடித் திறந்தால் சரியாகிவிடும்.

கூகுள் தேடல் விளம்பரத்தில் தலைப்புக்கு 30 எழுத்து, விவரத்துக்கு 90. தமிழில் புள்ளியும் உயிர்க்குறியும் தனித்தனியாக எண்ணப்படும் என்பதை வைத்து எழுத வேண்டும். "மட்டக்களப்பு" நம் கண்ணுக்கு எட்டு எழுத்து, கணினிக்கு 12. ஊர்ப்பெயர் ஒன்றே தலைப்பில் ஐந்தில் இரண்டு பங்கு இடத்தை எடுத்துக்கொள்ளும்போது "நம்பிக்கையான" போன்ற அலங்காரச் சொல்லுக்கு இடமே இல்லை. பொருள், ஊர், விலை, அவ்வளவுதான்.

ரீல்ஸ் வீடியோ 1080க்கு 1920. மேலே 14 சதவீதமும் கீழே 35 சதவீதமும் பேஜின் பெயர், பட்டன், கெப்ஷன் மறைக்கும் இடம். அதாவது கீழே ஏறக்குறைய 670 பிக்சலில் விலையோ போன் நம்பரோ வைக்கக் கூடாது. மருதமுனைச் சாறியின் கரைவேலைப்பாட்டைக் காட்ட வேண்டுமானால் துணியைத் தொங்கவிட்டு எடுத்தால் கரை கெப்ஷனுக்குள் போய்விடும். மேசையில் மடித்து வைத்து, கரை சட்டத்தின் நடுவில் வருமாறு எடுக்க வேண்டும். சினிமாப் பாட்டைப் பின்னால் ஒட்டி விளம்பரம் ஓட்ட முடியாது. மெட்டாவின் சவுண்ட் கலெக்சனில் கிடைப்பதை எடுத்துக்கொள்ளலாம்.

எதை விளம்பரப்படுத்தலாம் என்பதில் மூன்று துறைகளில் கவனம் வேண்டும். முதலாவது ரியூசன் வகுப்பு. சாதாரண தரம், உயர்தரம், புலமைப்பரிசில் பரீட்சைகளுக்கு முன் குறித்த திகதியிலிருந்து வகுப்பு, கருத்தரங்கு, மாதிரி வினாத்தாள், அவற்றுக்கான விளம்பரம் அனைத்தையும் பரீட்சைகள் திணைக்களம் தடைசெய்யும். சமூக ஊடகமும் அதில் அடக்கம். அந்தத் திகதியை நாட்காட்டியில் குறித்து வைத்து, ஓடிக்கொண்டிருக்கும் விளம்பரத்துக்கு முதல் நாளே முடிவுத் திகதி போட்டுவிட வேண்டும். இரண்டாவது வெளிநாட்டு வேலை. வேலைவாய்ப்புப் பணியகத்தின் அனுமதிப்பத்திரத்தைக் காட்டாத முகவரின் விளம்பரத்தைத் தொடவே கூடாது. ஏமாறுவது நம் ஊர்க் குடும்பங்கள். மூன்றாவது அழகுக் கிறீமும் உடல் மெலியும் மருந்தும். முன்னும் பின்னும் என்று இரண்டு படம் போட்டாலோ, "நீங்கள் பருமனாக இருக்கிறீர்களா?" என்று பார்ப்பவரின் உடலைச் சுட்டிக் கேட்டாலோ மெட்டா நிராகரிக்கும். திரும்பத் திரும்ப நிராகரிப்பு வாங்கினால் விளம்பரக் கணக்கே முடங்கும். ஒரே கணக்கில் பத்துக் கடையை ஓட்டும் கொம்பனியில் ஒரு கிறீமுக்காக ஒன்பது கடை நிற்கும். கடைக்கு ஒரு விளம்பரக் கணக்கு என்று பிரித்து வைத்திருக்கிற கொம்பனியா என்று பாருங்கள்.

காசு விவகாரம் இன்னும் நுணுக்கமானது. கணக்கு டொலரில் இருந்தால் கார்டில் வெட்டப்படும் நாளின் வங்கி விகிதத்தோடு வெளிநாட்டுப் பரிவர்த்தனைக் கட்டணமும் சேரும். 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாவுக்குச் சற்று மேலிருந்த டொலர் மே மாதத்தில் 360ஐத் தொட்டது. மாதப் பொதி இத்தனை ரூபா என்று விளம்பரக் காசையும் சேர்த்து விலை பேசியிருந்தவர்களுக்கு அது பெரிய அடி. விளம்பரக் காசை டொலரில் தனியாகவும், சேவைக் கட்டணத்தை ரூபாவில் தனியாகவும் எழுதி, விளம்பரக் காசை முன்பணமாக வாங்குவதே பாதுகாப்பு. எந்தக் காரணத்துக்காகவும் ஊழியர் தன் சொந்தக் கார்டை இணைக்கக் கூடாது. "இண்டைக்கு மட்டும் போடுங்க தம்பி" என்பதில்தான் எல்லாக் கடனும் தொடங்குகிறது.

விளம்பரம் நன்றாக ஓடியும் விற்பனை இல்லை என்ற முறைப்பாடு இந்த வேலையில் தினமும் வரும். பெரும்பாலும் காரணம் வட்ஸ்அப்பின் மறுபக்கம். கடை முதலாளியின் போன் சட்டைப்பையில் இருக்கும், மெசேஜ் மாலை வரை காத்திருக்கும், கேட்டவர் அதற்குள் வேறு கடைக்குப் போயிருப்பார். வட்ஸ்அப் பிசினஸில் விலை, அளவு, டெலிவரி, கடை இருக்கும் இடம் ஆகிய நாலு கேள்விக்கும் விரைவுப் பதில் எழுதிக் கொடுத்து, லேபல் போடக் கற்றுக்கொடுத்தால் அதே பட்ஜெட்டில் வித்தியாசம் தெரியும். விலையை எழுதாமல் "இன்பொக்ஸ் வாங்க" என்று மட்டும் போடும் விளம்பரத்துக்கு மெசேஜ் குவியும், வாங்குபவர் குறைவு. விலையைப் போட வைப்பதற்காகக் கடைக்காரரோடு மல்லுக்கட்டுவது நியாயமான சண்டை.

நாட்காட்டி தெரிந்திருந்தால் வேலையைத் திட்டமிடலாம். பெரும்போக அறுவடை முடிந்து நெல்லுக் காசு கைக்கு வரும் மாசி, பங்குனியில் மோட்டார் சைக்கிள், நகை, தளபாடம் நகரும். நோன்பின் கடைசிப் பத்தில் காத்தான்குடி, கல்முனைப் புடவைக் கடைகள் இரவில்தான் உயிர்பெறும், விளம்பரம் ஓட்டுபவரும் அந்த நேரத்தில் விழித்திருக்க வேண்டும். நவம்பர் முதல் ஜனவரி வரை மழை பெய்தால் கடைத்தெரு விளம்பரம் படுத்துவிடும். அந்த நாட்களில் பட்ஜெட்டைக் குறைக்கச் சொல்லும் கொம்பனியைக் கடைக்காரர்கள் விட்டுப் போக மாட்டார்கள்.

சேருவதற்கு முன் கேட்க வேண்டியவை சில. நியமனக் கடிதம் தருவார்களா? கடை, அலுவலக ஊழியர் சட்டப்படி அது கொடுக்கப்பட வேண்டியது. வேலை நேரம் நாளுக்கு 8, வாரத்துக்கு 45 மணித்தியாலம். பெருநாள் காலத்து இரவு வேலைக்கு மேலதிகக் கொடுப்பனவு உண்டா, அல்லது "நாங்க ஒரு குடும்பம் மாதிரி" என்ற பேச்சு மட்டும்தானா? சேமலாப நிதிக்கு ஊழியரிடம் 8, கொம்பனியிடமிருந்து 12 சதவீதம், நம்பிக்கை நிதிக்குக் கொம்பனி 3 சதவீதம். சம்பளத்தைக் கையில் கொடுத்துவிட்டு இவற்றைத் தவிர்க்கும் இடங்களில் திறமை வளரலாம், வயதானபின் கையில் ஒன்றும் இருக்காது.

விலகும்போது ஒரு வேலை பாக்கி. கடைக்காரர்களின் பேஜ் எல்லாம் உங்கள் சொந்த பேஸ்புக் கணக்கின் வழியாகத்தான் திறக்கப்பட்டிருக்கும். பேஜ்களையும் விளம்பரக் கணக்குகளையும் நிர்வகிக்கும் மெட்டாவின் பிசினஸ் போர்ட்போலியோவில் உங்கள் பெயரை நீக்கச் சொல்லி, நீக்கியதை உங்கள் போனிலேயே திறந்து பாருங்கள். அதற்கு முன் ஒவ்வொரு பேஜிலும் கடைக்காரரே முழு அதிகாரத்துடன் இருக்கிறாரா, அவருடைய கணக்கில் கடவுச்சொல்லோடு இன்னொரு குறியீடும் கேட்கும் இரட்டைப் பாதுகாப்பு போடப்பட்டிருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். மெட்டா உதவிக்குழு என்ற பெயரில் "உங்கள் பேஜ் 24 மணித்தியாலத்தில் மூடப்படும்" என்று வரும் மெசேஜின் லிங்கை அமுக்கக் கூடாது என்பதையும் அவருக்கு நேரில் சொல்லிவிட்டு வாருங்கள்.