'ஏர்ஃபோர்ஸ் பைலட் பேட்ச்': மதுரைப் பயிற்சி வகுப்பு ஒன்றைப் பற்றி

மாட்டுத்தாவணிப் பக்கம் உள்ள பயிற்சி மையம் ஒன்றில் பிளஸ் டூ முடித்தவர்களுக்காக 'ஏர்ஃபோர்ஸ் பைலட் பேட்ச்' நடக்கிறது. மேலூர், உசிலம்பட்டி, திருமங்கலத்திலிருந்தெல்லாம் பிள்ளைகள் வந்து சேர்கிறார்கள். பாடத்திட்டத்தை வாங்கிப் பார்த்தால் இயற்பியல், கணிதம், ஆங்கிலம், 1.6 கி.மீ. ஓட்டம், தண்டால். இது விமானப்படைக்கு அதிகாரி அல்லாத வீரர்களை எடுக்கும் அக்னிவீர் வாயு தேர்வுக்கான தயாரிப்பு. தேறினால் நான்கு ஆண்டு வேலை கிடைக்கும், அதுவும் நல்ல வேலைதான். ஆனால் பைலட் வேலை அல்ல.

இந்திய விமானப்படையில் விமானம் ஓட்டுகிறவர்கள் கமிஷன், அதாவது அதிகாரி நியமன ஆணை, பெற்ற அதிகாரிகள். ஃப்ளைட் இன்ஜினியர், ஃப்ளைட் கன்னர் என்று ஏர்மேன்களிலும் (அதிகாரி அல்லாத வீரர்கள்) பறப்பவர்கள் உண்டு. விமானத்தை ஓட்டுவது அவர்கள் பணியல்ல. "அமெரிக்காவில் அதிகாரி அல்லாதவர்களும் ஓட்டுகிறார்களே" என்று வகுப்பில் சொல்கிறார்கள். அங்கே தரைப்படை ஹெலிகாப்டர்களில் வாரன்ட் ஆபீசர்கள் (சிப்பாய்க்கும் அதிகாரிக்கும் இடைப்பட்ட பதவி) நிறைய இருப்பது உண்மை. அவர்களிலும் இரண்டாம் படிநிலை முதல் கமிஷன் உண்டு. 1940இல் பிரிட்டனைக் காத்த விமானிகளில் அதிகாரி அல்லாத சார்ஜென்ட்டுகள் பலர். அதெல்லாம் அந்தந்த நாட்டு விதி. மதுரையில் விண்ணப்பிக்கும் மாணவருக்கு அதனால் ஒரு பயனும் இல்லை.

பெரிய இழப்பு பணம் அல்ல, வயது. பிளஸ் டூ முடித்து அதிகாரியாகச் சேர உதவும் என்.டி.ஏ. (தேசிய பாதுகாப்பு அகாடமி) தேர்வுக்குப் பதினாறரை முதல் பத்தொன்பதரை வயதுதான். பிளஸ் டூ முடித்து ஓராண்டு தவறான வகுப்பில் இருந்தால் அந்தக் கதவு கிட்டத்தட்ட மூடிவிடும். பிறகு பட்டம் முடித்து, பட்டதாரிகளை அதிகாரிகளாக எடுக்கும் சி.டி.எஸ். (முப்படைகளுக்கும் பொதுவான தேர்வு) அல்லது ஆஃப்கேட் (விமானப்படையின் தேர்வு) எழுத வேண்டும். ஆஃப்கேட் பறக்கும் பிரிவுக்கு 20 முதல் 24 வயது, பட்டத்தில் 60 சதவீதம், பிளஸ் டூவில் இயற்பியலும் கணிதமும் வேண்டும். கணிதம் இல்லாத பியூர் சயின்ஸ் குரூப் எடுத்தவர்களையும் இந்த மையம் சேர்த்துக்கொள்வது சரியே அல்ல. பெண் பிள்ளைகளுக்கு 2022 முதல் என்.டி.ஏ. திறந்திருக்கிறது. அதை வகுப்பில் யாரும் சொல்வதில்லை, சொல்லியாக வேண்டும்.

கணிதப் பாடம் அருமை. திரிகோணவியலை அடிப்படையிலிருந்து தொடங்கி, தமிழ்வழி மாணவருக்கும் புரிகிற மாதிரி நடத்துகிறார்கள். ஆங்கிலம் பலவீனம். என்.டி.ஏ. வினாத்தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டுமே வரும். கணிதத்துக்கு 300 மதிப்பெண், பொதுத்திறனுக்கு 600. மேற்கொண்டு படைத் தேர்வு வாரியம் நடத்தும் நேர்முகத்துக்கு 900. அந்த 900-க்கு இங்கே தருவது மனப்பாடக் கதைகள். தேர்வு வாரியத்தில் 60 சொற்களைச் சொல்லுக்கு 15 விநாடி வீதம் காட்டி, மனதில் தோன்றும் வாக்கியத்தை எழுதச் சொல்வார்கள். "தோல்வி" என்ற சொல்லுக்கு ஐம்பது பேரும் ஒரே வாக்கியத்தை எழுதினால், ஆளுக்கு ஆள் என்ன வித்தியாசம் என்று மதிப்பிடுபவர் எப்படிக் கண்டுபிடிப்பார்?

விமானி தேர்வுக் கணினிச் சோதனைக்கு, ஸ்டிக்கும் பெடலும் வைத்துப் பயிற்சி தருவதாக நோட்டீஸில் போட்டிருக்கிறார்கள். இருப்பது விளையாட்டு ஜாய்ஸ்டிக் ஒன்றே, பெடல் கிடையாது. இந்தச் சோதனையை வாழ்நாளில் ஒரே ஒரு முறைதான் எழுத முடியும். தவறினால் பறக்கும் பிரிவு அதோடு முடிந்தது, தரைப்பணிப் பிரிவுக்கு மட்டும் முயலலாம்.

பணம் கட்டுமுன் செய்ய வேண்டியது உடல் அளவெடுப்பு. உயரம் குறைந்தது 162.5 செ.மீ., கால் நீளம் 99 முதல் 120 செ.மீ., தொடை நீளம் 64 செ.மீ.க்கு மேல் போகக் கூடாது, உட்கார்ந்த உயரம் 81.5 முதல் 96 செ.மீ. காலை நின்று அளக்கக் கூடாது. சுவரோடு இடுப்பை ஒட்டி உட்கார்ந்து, காலை நேராக நீட்டி, சுவரிலிருந்து குதிகால் வரை அளக்க வேண்டும். கிட்டப்பார்வையும் நிறக்குருடும் இருக்கிறதா என்று கண் மருத்துவரிடம் சோதித்து, அவர் எழுதித் தருவதை வைத்துக்கொண்டு மையத்துக்குப் போங்கள். அங்கே முதல் கேள்வியாக, "எந்தத் தேர்வுக்கு நடத்துகிறீர்கள், என்.டி.ஏ.வா ஆஃப்கேட்டா அக்னிவீரா?" என்று கேட்டு, பதிலை ரசீதில் எழுதி வாங்குங்கள்.