டிரெய்லர் ஓட்டுபவர்கள் கவனத்துக்கு: வயர்லெஸ் ரிவர்ஸ் கேமராவில் நான் ஏமாந்தது

சென்னையில் துறைமுகத்துக்கும் மணலி, மாதவரம், மீஞ்சூர் பக்கத்து யார்டுகளுக்கும் நாற்பதடி கன்டெய்னர் பெட்டி இழுக்கும் சொந்த வண்டிக்காரர்களுக்காக இதை எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாக இருந்தாலும் முழுவதும் படித்துவிடுங்கள். ஒரு கடையில் 10,500 ரூபாய் கொடுத்து ஏமாந்தேன். பணம் போனதைவிடப் பெரிய வருத்தம் ஒன்று இருக்கிறது, அதற்காகத்தான் எழுத உட்கார்ந்தேன்.

எனக்கு இருப்பது ஒரே வண்டி. ஓட்டுவதும் நான்தான். வீடு எர்ணாவூர். பதினைந்து வருஷம் மற்றவர்களிடம் டிரைவராக இருந்துவிட்டு, கடன் வாங்கி எடுத்த வண்டி. முன்பு கிளீனர் என்று ஒரு பையன் கூடவே இருப்பான். ரிவர்ஸ் எடுக்கும்போது பின்னால் இறங்கி நின்று, பாடியைத் தட்டி, “வரலாம், வரலாம், ரைட்ல ஒடி, ஹோல்ட்” என்று குரல் கொடுப்பான். இன்றைய வாடகையில் இன்னொருவருக்குச் சம்பளம் கொடுத்துக் கட்டுப்படியாகாது. எங்கள் லைனில் பாதிப் பேர் தனியாகத்தான் ஓடுகிறோம். பெட்டி மட்டுமே 12 மீட்டருக்கு மேல் நீளம். கண்ணாடியில் இரண்டு பக்கமும் தெரியும், நேர் பின்னால் எதுவும் தெரியாது. அதனால் கேமரா போடலாம் என்று முடிவு செய்தேன்.

திருவொற்றியூரில் எனக்குப் பல வருஷமாக வண்டி வேலை செய்யும் எலக்ட்ரீசியன் அண்ணன் ஒருவர் இருக்கிறார். “வயர் போட்ட கேமராவே போடு தம்பி” என்று அப்போதே சொன்னார். நான்தான் கேட்கவில்லை. சில நாள் ஹார்ஸை (டிரெய்லரை இழுக்கும் முன் வண்டியை) மட்டும் கழற்றிக்கொண்டு வேறு ஒருவருடைய டிரெய்லரை இழுக்கப் போவேன். ஒவ்வொரு முறையும் இன்னொரு வயரைக் கழற்றி மாட்ட வேண்டுமே என்று யோசித்தேன். வயர்லெஸ் என்றால் அந்தத் தொல்லை இல்லை என்று நினைத்தேன்.

மாதவரம் பக்கம் லாரி சாமான் விற்கும் ஒரு கடைக்குப் போனேன். பெயர் சொல்லப் போவதில்லை. கடைக்காரர் நன்றாகப் பேசினார். “டிஜிட்டல்ணா இது. நூறு மீட்டர் பிடிக்கும். உங்க வண்டி நூறு மீட்டரா இருக்கு?” என்று கேட்டார். அங்கேயே வாசலில் வைத்து மாட்டிக் காட்டினார். படம் கண்ணாடி மாதிரித் தெளிவாக இருந்தது. 6,500 ரூபாய், மாட்டுக்கூலி 500. ஜிபே செய்துவிட்டுக் கிளம்பினேன்.

இங்கே நடந்த ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். அவர் மாட்டிக் காட்டியபோது என் டிரெய்லர் காலி. மேலே பெட்டி இல்லை. பின் பம்பரில் இருக்கும் ஏரியலுக்கும் கேபினுக்கும் நடுவில் வெறும் காற்றுதான். மறுநாள் லோடு பெட்டி ஏறியது. இப்போது நடுவில் நாற்பதடி இரும்புச் சுவர். படத்தில் கோடு கோடாக ஓட ஆரம்பித்தது. அரை நிமிஷம் படம் வரும், அப்புறம் நீலத்திரை. நூறு மீட்டர் என்று அட்டைப்பெட்டியில் போட்டிருப்பது வெட்டவெளியில் நேருக்கு நேர் வைத்து அளந்த தூரம். இரும்பு குறுக்கே வந்தால் அந்தக் கணக்குச் செல்லாது. லாரி ஓட்டுபவர்களுக்கே சாமான் விற்கிறவருக்கு இது தெரியாமலா இருக்கும்? தெரிந்துதான் காலி வண்டியில் காட்டினார் என்று நான் நம்புகிறேன்.

இரண்டாவது வாரம் சென்னைத் துறைமுகத்தின் ஜீரோ கேட் கியூவில் நின்றிருந்தேன். அங்கே நிற்பது எப்படி என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. முன்னால் இருந்த வண்டி கொஞ்சம் கோணலாக நின்றதால் சரிசெய்ய ரிவர்ஸ் போட்டேன். திரையில் ஒரு மஞ்சள் பெட்டியின் கதவு தெரிந்தது. எனக்குப் பின்னால் நின்றது டேங்கர். இறங்கிப் போய்ப் பார்த்தேன், டேங்கர்தான். திரும்ப ஏறிப் பார்த்தால் மறுபடியும் மஞ்சள் பெட்டி. பக்கத்து வரிசையில் இருந்த ஒரு வண்டியின் கேமரா என் திரையில் ஓடிக்கொண்டிருக்கிறது! அவரும் என்னுடையதைப் போலவே ஒன்றை மாட்டியிருந்தார்.

அன்று இரவு எலக்ட்ரீசியன் அண்ணன் அதைப் பிரித்துப் பார்த்துவிட்டுச் சொன்னார், “இது டிஜிட்டலே இல்ல தம்பி, அனலாக்.” அவர் விளக்கியதை அப்படியே எழுதுகிறேன். இந்தக் கேமராக்கள் பெரும்பாலும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் ஓடுகின்றன. வைஃபை, புளூடூத் எல்லாம் அதே இடம்தான். லைசென்ஸ் இல்லாமல் யாரும் பயன்படுத்தலாம் என்று அரசு விட்டிருக்கும் அலைவரிசை. அதனால் அங்கே எப்போதும் நெரிசல். அனலாக் கேமரா படத்தைப் பூட்டுச் சாவி எதுவும் இல்லாமல் வெளியே வீசுகிறது. பக்கத்தில் அதே சேனலில் இருக்கும் எந்தத் திரையும் அதைப் பிடித்துக்கொள்ளும். டிஜிட்டல் என்றால் கேமராவையும் திரையையும் முதலில் ஜோடி சேர்க்க வேண்டும். அதற்குப் பிறகு அடுத்தவர் படம் வராது.

கடைக்குத் திரும்பப் போனேன். பணத்தைத் திருப்பித் தர முடியாது என்றார். “இன்னொரு 3,500 போடுங்க, ஒரிஜினல் டிஜிட்டலே தரேன்” என்றார். அப்போதே விட்டுவிட்டு வந்திருக்க வேண்டும். ஏற்கனவே போட்ட பணம் வீணாகக் கூடாது என்று அதையும் கொடுத்தேன்.

இரண்டாவது கேமரா உண்மையாகவே டிஜிட்டல். கோடு இல்லை, அடுத்த வண்டியின் படம் வரவில்லை. இரண்டு மாதம் நன்றாகவே ஓடியது. ரிவர்ஸ் லைட்டில் இருந்து கரண்ட் எடுத்திருந்ததால், கியர் போட்ட பிறகு மூன்று நான்கு விநாடி கழித்துத்தான் படம் வரும். வயர்லெஸ் என்று சொல்கிறார்களே தவிர, கரண்டுக்கு வயர் வேண்டும். படம் வருவதற்குத்தான் வயர் கிடையாது. அந்தத் தாமதத்துக்கு நானும் பழகிவிட்டேன்.

கார்த்திகை மாசம், மழை தூறிக்கொண்டிருந்த இரவு. பதினொரு மணி இருக்கும். மணலி பக்கம் ஒரு சிஎஃப்எஸ் (கன்டெய்னர் சரக்கு நிலையம்) யார்டில் பெட்டி இறக்கப் போயிருந்தேன். இரண்டு பக்கமும் பெட்டிகள் நான்கு ஐந்து அடுக்கு உயரத்துக்கு நின்றன. கண்ணாடி முழுக்க மழைத்துளி. நடுவில் இருக்கும் சந்துக்குள் ரிவர்ஸில் போக வேண்டும். கியர் போட்டேன், படம் வந்தது. ஈரத்தரை, பின்னால் யாரும் இல்லை. மெதுவாக விட்டேன். பத்தடி போயிருப்பேன். திரையில் தரை காலி. அப்போது செக்யூரிட்டி விசில் அடித்த சத்தம் கேட்டது. ஒரு தடவை அல்ல, மூச்சு விடாமல் அடித்தார். பிரேக்கில் ஏறி நின்றேன்.

இறங்கி ஓடிப் பார்த்தால், சீல் நம்பர் குறித்துக்கொள்ள வந்த சர்வேயர் பையன், கையில் டார்ச்சோடு கதவுக்கும் பின்னால் இருந்த அடுக்குக்கும் நடுவில் நிற்கிறான். அவனுக்கும் பம்பருக்கும் இரண்டடிகூட இல்லை. இருபத்திரண்டு, இருபத்து மூன்று வயசு இருக்கும். வண்டி நின்றுவிட்டது என்று நினைத்துப் பின்னால் வந்திருக்கிறான். அவன் மேல் தப்பே இல்லை.

கை கால் நடுக்கம் நிற்கக் கொஞ்ச நேரம் ஆனது. பிறகு அவனைப் பத்திரமாகத் தள்ளி நிற்கவைத்து, கேமராவுக்கு முன் டார்ச்சை ஆட்டச் சொல்லிவிட்டு கேபினில் ஏறிப் பார்த்தேன். திரையில் அதே ஈரத்தரை. டார்ச் வெளிச்சம் இல்லை, கை இல்லை. விழுந்துகொண்டிருக்கும் மழைகூட அந்தப் படத்தில் அசையவில்லை. நான் கியர் போட்டபோது வந்த முதல் படம் அப்படியே உறைந்து நின்றிருக்கிறது.

இதைத்தான் எல்லோருக்கும் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். அனலாக் கேமரா கெட்டால் கோடு ஓடும், நீலத்திரை வரும். கெட்டது கண்ணுக்குத் தெரியும், நாம் இறங்கிப் பார்ப்போம். டிஜிட்டலில் சிக்னல் அறுந்தால், சில செட்களில் கடைசியாக வந்த படம் அப்படியே நிற்கும். பார்க்க நல்ல படம் மாதிரியே இருக்கும். இருட்டில், அசையாத தரையைப் பார்க்கும்போது அது ஓடுகிற படமா நின்ற படமா என்று யாராலும் சொல்ல முடியாது. கேமராவே இல்லாமல் இருந்திருந்தால் அன்று நான் இறங்கிப் பின்னால் போய்ப் பார்த்துவிட்டுத்தான் வண்டியை எடுத்திருப்பேன்.

மறுநாள் காலையில் கடைக்குப் போனேன். பழுது பார்த்துத் தருகிறேன் என்று வாங்கி வைத்துக்கொண்டு பத்து நாள் அலைய விட்டார். அப்புறம், “உள்ள தண்ணி போயிருக்கு, வாரண்டி கிடையாது” என்றார். பின் பம்பரில் மாட்டும் கேமராவில் மழை படாமல் எங்கே படும்? அட்டைப்பெட்டியில் ஐபி67 என்று கொட்டை எழுத்தில் இருந்தது. ஒரு மீட்டர் தண்ணீரில் அரை மணி நேரம் மூழ்கினாலும் தாங்கும் என்பதுதான் அதற்கு அர்த்தம். அதைக் காட்டிக் கேட்டதும் பேச்சை மாற்றினார். என்னிடம் இருந்தது ஜிஎஸ்டி பில் அல்ல, எஸ்டிமேட் என்று அச்சடித்த வெள்ளைச் சீட்டு. “பில்லே இல்லாம எங்க போவீங்க? அதுவும் இது கமர்ஷியல் வண்டி, கன்ஸ்யூமர் கோர்ட்ல எடுக்கவே மாட்டாங்க” என்று சொல்லி அனுப்பினார்.

பயந்து விட்டுவிடாதீர்கள். எனக்குத் தெரிந்த வக்கீல் ஒருவரிடம் கேட்டேன். வியாபாரத்துக்கு வாங்கினால் நுகர்வோர் ஆகாது என்று 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் இருப்பது உண்மைதான். ஆனால் சொந்தமாகத் தொழில் செய்து, அதைக் கொண்டே பிழைப்பவர் தன் பிழைப்புக்காக வாங்கிய பொருளுக்கு அது பொருந்தாது என்று அதே சட்டம் சொல்கிறது. ஒரு வண்டியைத் தானே ஓட்டிக் குடும்பம் நடத்துபவர் தைரியமாகக் கேட்கலாம். பில் தராததும், குறையுள்ள பொருளைத் திரும்ப வாங்க மறுப்பதும் அந்தச் சட்டப்படி முறையற்ற வணிகம். பில்லில் நாள் எதுவும் குறிப்பிடவில்லை என்றால் 30 நாள் வரை திருப்பித் தரலாம். புகார் கொடுக்க இரண்டு வருஷம் அவகாசம் இருக்கிறது. 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்கு மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் கட்டணம் கிடையாது.

தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-க்கு அழைத்துப் புகாரைப் பதிவு செய்தேன். ஜிபே ரசீது, வாட்ஸ்அப்பில் அவர் அனுப்பிய “ஒரு வருஷம் வாரண்டி” மெசேஜ், அட்டைப்பெட்டியின் போட்டோ மூன்றும் கைகொடுத்தன. வக்கீல் ஒரு நோட்டீஸும் பதிவுத் தபாலில் அனுப்பினார். மூன்று வாரம் கழித்துக் கடையில் இருந்து கூப்பிட்டு 4,000 ரூபாய் கொடுத்தார்கள். மீதிக்கு இன்னும் பேச்சு நடக்கிறது. கொடுக்காவிட்டால் சென்னை வடக்கு மாவட்ட ஆணையத்துக்குப் போவதாகத்தான் இருக்கிறேன்.

இப்போது வண்டியில் இருப்பது வயர் போட்ட கேமரா. எலக்ட்ரீசியன் அண்ணன் அரை நாள் உட்கார்ந்து செய்தார். ஹார்ஸுக்கும் டிரெய்லருக்கும் நடுவில் சுருள் கேபிள். அங்கிருந்து சேஸிஸ் ஓரமாக, ஏர் ஹோஸுக்குப் பக்கத்தில், பிளாஸ்டிக் குழாய்க்குள் பின் பம்பர் வரை வயர் போகிறது. சேர்க்கும் இடங்களில் திருகி இறுக்கும் நான்கு முள் கனெக்டர். எர்ணாவூர், எண்ணூர் உப்புக்காற்றில் சாதாரண ஜாயின்ட் ஆறு மாசத்தில் பச்சை பூத்துவிடும் என்று சொல்லி, உள்ளே கிரீஸ் தடவி, மேலே சுருங்கும் ரப்பர் உறை போட்டுச் சூடு காட்டி மூடினார். கேமராவும் திரையும் லாரியின் 24 வோல்ட்டைத் தாங்குமா என்று பார்த்தார். கார்களுக்கான 12 வோல்ட் செட்டை அப்படியே நம் வண்டியில் மாட்டினால் எரிந்துவிடும். வண்டி ஓடும்போது 28 வோல்ட் வரை வரும். கரண்டை ரிவர்ஸ் லைட்டில் எடுக்காமல் சாவியில் இருந்து எடுத்ததால் கியர் போட்டதும் படம் தாமதமில்லாமல் வருகிறது. கூலியோடு 7,800 ரூபாய் ஆனது. முதலில் அந்த அண்ணன் சொன்னதைக் கேட்டிருந்தால் இதோடு முடிந்திருக்கும். டிரெய்லர் மாற்றும் நாளில் ஒரு பிளக்கைக் கழற்றி மாட்ட ஒரு நிமிஷம்கூட ஆவதில்லை.

ஏற்கனவே வயர்லெஸ் மாட்டியிருப்பவர்கள் இன்றைக்கே ஒன்று செய்யுங்கள். லோடு பெட்டி மேலே இருக்கும்போது, இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போது, ஹேண்ட் பிரேக் போட்டுவிட்டு ஒருவரைப் பின்னால் நிறுத்திக் கையை ஆட்டச் சொல்லுங்கள். நான்கைந்து நிமிஷம் விடாமல் பாருங்கள். காலி வண்டியில் செய்துபார்த்துத் திருப்திப்படாதீர்கள். புதிதாக வாங்குபவர்கள் கடைக்குப் பெட்டியோடு போங்கள். பெட்டியோடு மாட்டிக் காட்ட மாட்டேன் என்றால் அந்தக் கடை வேண்டாம்.

போன வாரம் அதே யார்டுக்குப் போயிருந்தேன். அந்தப் பையன் என்னை அடையாளம் கண்டுகொண்டு வந்து பேசினான். புதுக் கேமராவைப் பார்க்கணும் என்றான். கேபினில் ஏற்றி உட்காரவைத்துவிட்டு, நான் பின்னால் போய் நின்று கையை ஆட்டினேன். “தெரியுதுண்ணா” என்று கத்தினான்.