முல்லைத்தீவுக் கரையில் மூன்று நாள் ஸ்கூபா: கடல் நல்லது, கரைதான் மோசம்

போரில் கால் இழந்தவர்களுக்கும் முள்ளந்தண்டு வடம் பாதிக்கப்பட்டவர்களுக்குமென்று முல்லைத்தீவுக் கரையோரம் நடத்தப்படும் மூன்று நாள் ஸ்கூபாப் பயிற்சியை, அதாவது முதுகில் காற்றுச் சிலிண்டரோடு சுழியோடும் பயிற்சியைப் பற்றிய மதிப்பீடு இது. நடத்துபவர்களின் பெயரைப் போடவில்லை. குறைகள் பெரும்பாலும் திருத்தக்கூடியவை. பங்குபற்றுபவர்களிடம் காசு வாங்குவதில்லை. இலவசம்தானே என்று குறையை விழுங்கவும் தேவையில்லை. தண்ணீருக்குள்ளே 5க்கு 4. கரையில் 5க்கு 2கூடக் கஷ்டம்.

கரையிலிருந்தே தொடங்குவோம். வாகனம் நிற்கிற இடத்திலிருந்து அலை அடிக்கிற இடம் வரை ஏறக்குறைய 60 மீற்றர் மணல். சாதாரண சக்கர நாற்காலியின் முன் சில்லு இரண்டாவது மீற்றரிலேயே புதைந்துவிடும். இங்கே தறப்பாளில் கிடத்தி நாலு பேர் தூக்குகிறார்கள். தூக்கினால் பரவாயில்லை, களைத்ததும் இழுக்கிறார்கள். உணர்ச்சியில்லாத பிட்டத்துத் தோலில் மணலும் தறப்பாளும் உரசினால் அன்றைக்கு ஒன்றும் தெரியாது. இரண்டு நாளில் சிவக்கும், ஒரு வாரத்தில் புண்ணாகும். பிறகு மாதக்கணக்கில் குப்புறப் படுக்கைதான். 8க்கு 4 அடிப் பிளைவூட் பலகை மூன்று இருந்தால் காணும்: பின்னால் உள்ளதை எடுத்து முன்னால் போட்டுப் போட்டு, நாற்காலியைப் பின்பக்கமாகவே அலை வரை உருட்டிவிடலாம். போட்டிலும் இதே கதை. பிளாஸ்ரிக் போட்டின் குறுக்குப் பலகையில் வெறுமனே இருத்தக் கூடாது. அவரவர் நாற்காலி மெத்தையைப் பொலித்தீன் பையில் கட்டிக்கொண்டு வந்து அதிலேயே இருக்க வேண்டும்.

தண்ணீருக்குள் இவர்கள் கெட்டிக்காரர்கள். முதல் நாள் வவுனியாவில் ஒரு விடுதித் தடாகத்தில் 1.2 மீற்றர் ஆழம், இரண்டாம் நாள் கடலில் 3 மீற்றர், மூன்றாம் நாள் 6 மீற்றர். அதற்குக் கீழே கொண்டுபோவதில்லை. இன்னும் ஆழம் கேட்டு நச்சரிக்கிறவர்கள் உண்டு. கொடுக்காதது சரி.

முதல் நாள் பெரும்பகுதி, மிதக்காமல் தாழ்வதற்கு உடம்பில் ஈயம் கட்டுவதிலேயே போகிறது. இந்தப் பயிற்சியின் பெறுமதியே அதுதான். முழங்காலுக்கு மேல் ஒரு கால் இல்லாதவர் தண்ணீரில் நேராகக் கிடக்க மாட்டார், ஒரு பக்கம் உருளுவார். எந்தப் பக்கம் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. மிஞ்சிய காலின் தசை, சுழியோடும் ரப்பர் உடுப்பின் தடிப்பு, காலில் போடும் துடுப்பு ரப்பரா பிளாஸ்ரிக்கா என்று எல்லாம் கணக்கில் வரும். இடுப்பளவு தண்ணீரில் முகம் கீழே இருக்க, அசையாமல் 30 வினாடி கிடக்கவிட்டுப் பார்க்கிறார்கள். கடையில் வாங்குகிற ஈயம் 1 கிலோ, 2 கிலோக் கட்டியாகத்தான் வரும். ஒரு பக்கத்தில் 1 கிலோ வைத்தால் ஆள் மறுபக்கம் போய்விடுவார். அதனால் வலைக்குக் கட்டுகிற ஈயத்தை எடுத்து, பழைய சாறத் துணியில் 250 கிராம் பைகளாகத் தைத்திருக்கிறார்கள். ஈயம் ஒரு மூலைக்கு உருண்டு சேராதபடி பையில் குறுக்கே மூன்று வரித் தையல். இரண்டு நுனியிலும் வெல்குரோ. இடுப்பு, தொடை, தோள் என்று எங்கேயும் சுற்றிக் கட்டலாம். வெளிநாட்டுக் கடைகளில் இதற்கு நல்ல விலை வரும். இங்கே அளம்பிலில் தையல் மெசின் வைத்திருக்கிற யாரும் ஒரு பின்னேரத்தில் தைத்துவிடுவார்கள்.

இடுப்புக்குக் கீழே இயக்கமில்லாதவர்களுக்குப் பிரச்சினை வேறு: கால் மேலே மிதக்கும். இந்தக் கடல் 27 தொடக்கம் 30 பாகை, 3 மில்லிமீற்றர் உடுப்பே அதிகம். உடுப்பு தடிக்கத் தடிக்கக் கால் இன்னும் எழும்பும். கணுக்காலுக்கு அரைக் கிலோ வீதம் கட்டுகிறார்கள். உள்ளே சப்பாத்துச் சொக்ஸ் போட்டு, பட்டிக்குக் கீழே இரண்டு விரல் போகிற அளவுக்குத் தளர்த்த வேண்டும். இறுக்கினால் அவருக்குத் தெரியப்போவதில்லை.

ஒரு தவறு செய்தார்கள். ஈயத்தின் அளவை நிரம்பிய சிலிண்டரோடு முடிவுசெய்தார்கள். 11 லீற்றர் அலுமினியச் சிலிண்டர் வெறுமையாகும்போது ஏறக்குறைய 2 கிலோ இலேசாகி, மிதக்கவே தொடங்கும். இரண்டு காலும் இல்லாதவரின் உடலோடு ஒப்பிட்டால் அது சின்ன நிறை இல்லை. கடைசி ஐந்து நிமிடத்தில் முதுகுப்பக்கம் மேலே இழுபட்டு, மேலே வருமுன் பாதுகாப்புக்காக 5 மீற்றரில் மூன்று நிமிடம் தரித்து நிற்க முடியாமல் போகும். 50 பார் அழுத்தம் மிஞ்சிய சிலிண்டரோடு நிறை பார்க்க வேண்டும். நிரம்பிய சிலிண்டர்தான் கையிலிருக்கிறதென்றால் 2 கிலோ கூட்ட வேண்டும்.

மிதப்பைக் கூட்டிக் குறைக்கக் காற்று நிரப்புகிற மேலங்கி பற்றி ஒன்று. வாடகைக்கு வந்தவற்றில் பாதி முதுகில் மட்டும் காற்று நிரம்புகிற வகை. கால் அடிக்கக்கூடியவருக்கு அது வசதி. கால் அடிக்க முடியாதவரை மேற்பரப்பில் முகம் குப்புறத் தள்ளும். சுற்றிவர நிரம்புகிற பழைய வகையைத்தான் கேட்டு வாங்க வேண்டும். இடது கை இல்லாதவருக்குக் காற்று நிரப்புகிற குழாயை வலப்பக்கம் மாற்றிக் கொடுத்தார்கள். கேட்காமலே செய்தது நல்ல விசயம்.

செயற்கைக் காலோடு இறங்கலாமா என்று எல்லோரும் கேட்பார்கள். இங்கே பலர் போட்டிருக்கும் ஜெய்ப்பூர்க் காலின் தண்டு பொலித்தீன் குழாய் இனம், தண்ணீரைவிட இலேசு. உள்ளே வெற்றிடம் வேறு. துளை போடாமல் இறங்கினால் அது மிதவை. ஈரத்தில் பட்டி வழுக்கும், பாதத்து ஸ்பொஞ் ரப்பர் ஆழத்தில் நசுங்கும், உப்பு திருகாணியைத் தின்னும். போட் வரைக்கும் போட்டுவிட்டு அங்கே கழற்றி வைப்பதே புத்தி. கால் இல்லாத பக்க உடுப்பை மடித்துக் கட்டினாலும் காற்று சிறைப்படும். அளவாக வெட்டித் தைத்துவிட வேண்டும்.

காற்றுக் கணக்கு: 11 லீற்றர், 200 பார் என்றால் 2200 லீற்றர். 50 பாரை ஒதுக்கினால் 1650. கையால் மட்டும் நீந்துகிறவர் நிமிடத்துக்கு 20 லீற்றர் இழுக்கிறாரென்று வைத்தால், 6 மீற்றர் ஆழத்து அழுத்தத்தில் அது 32. ஐம்பது நிமிடம் போகும். ஆனால் 25 நிமிடத்தில் ஏற்றிவிடுகிறார்கள், சரியாகவே. முள்ளந்தண்டு பாதிப்புள்ளவருக்கு உடல் சூட்டைக் காக்கிற வேலை ஒழுங்காக நடக்காது. இந்த வெதுவெதுப்பிலும் குளிரும்.

உள்ளூர்ப் பயிற்சியாளர்களில் இருவர் கடலட்டை பிடிக்கப் போய்ப் பழகிய சுழியோடிகள். நீரோட்டத்தை அவர்களைப்போல யாரும் வாசிக்க மாட்டார்கள். ஆனால் கெதியாக மேலே வருகிற பழக்கமும் அவர்களோடுதான் வருகிறது. நிமிடத்துக்கு 9 மீற்றரைவிடக் கெதியாக ஏறக் கூடாது என்பதைத் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஆளணியும் குறைவு: ஆறு பேருக்கு ஐந்து பயிற்சியாளர். மாற்றுத்திறனாளிகளுக்கான சுழியோட்டத்தில் 1981இலிருந்து இயங்கும் அமெரிக்க அமைப்பொன்றின் தரப்படுத்தலில், கூடிய உதவி தேவைப்படுபவரோடு இரண்டு துணை. அதில் ஒருவர் மீட்புப் பயிற்சி பெற்றவர். அந்தக் கணக்குக்கு இங்கே ஒரே நேரத்தில் இரண்டு பேரைத்தான் இறக்கலாம்.

மருத்துவப் படிவம் ஆங்கிலத்தில். பக்கத்திலிருந்து ஒருவர் வாசிக்க, எல்லாவற்றுக்கும் "இல்லை" என்று அடையாளம் போடுகிறார்கள். "ஓம் எண்டா வீட்ட அனுப்பிப்போடுவினம், அண்ணை" என்ற பயம்தான். நாலு விசயத்தைத் தமிழில், தனியாகக் கூட்டிப்போய்க் கேட்க வேண்டும். செல் வெடிப்பில் செவிப்பறை கிழிந்ததா? கிழிந்து மூடாவிட்டால் இறங்கவே கூடாது. நெஞ்சுக்குள் செல்துண்டு இருக்கிறதா, நுரையீரலில் காயம் பட்டதா? தழும்புக்குப் பின்னால் காற்று அடைபட்டால் மேலே வரும்போது அது விரிந்து நுரையீரலைக் கிழிக்கும். 3 மீற்றர் ஆழமும் அதற்குப் போதும். கையிலோ தொடையிலோ கிடக்கிற துண்டு அந்தளவு பிரச்சினையில்லை. தலைக்காயத்துக்குப் பிறகு வலிப்பு வந்ததா? வந்திருந்தால் வேண்டாம். நாலாவது, முள்ளந்தண்டுக் காயத்தின் மட்டம். மார்பு முள்ளந்தண்டின் 6ஆவது எலும்பிலோ அதற்கு மேலோ என்றால், சலப்பை நிரம்பினாலே இரத்த அழுத்தம் திடீரென்று ஏறும். இறுக்கமான உடுப்பும் அதைச் செய்யும். தலை இடிக்கும், முகம் வியர்க்கும். உடனே நிமிர்த்தி இருத்தி, உடுப்பைத் தளர்த்தி, சலக் குழாய் எங்கே மடிந்திருக்கிறதென்று பார்க்க வேண்டும். இறங்க முன் சலம் சேரும் பையை வெறுமையாக்குவது பெண்களுக்கு இந்தக் கரையில் இன்னும் கஷ்டம். மறைப்பென்று இருப்பது இரண்டு கம்பும் ஒரு சேலையும்.

ஆழத்திலிருந்து மேலே வரும்போது உடம்பில் வாயுக் குமிழி உண்டாகி வருவது அழுத்த நோய்; மரத்துப்போவது அதன் ஓர் அறிகுறி. ஏற்கெனவே மரத்துப்போன காலில் அது வந்தாலும் தெரியாது. ஆகவே இறங்க முன், உணர்ச்சி எங்கே நிற்கிறதென்று பார்த்துத் தோலில் பேனையால் கோடு போட்டு, ஏறியபின் ஒப்பிட வேண்டும். இதை இங்கே யாரும் செய்யவில்லை. போட்டில் இருந்த ஒட்சிசன் போத்தல் 2 லீற்றர், 150 பார். நிமிடத்துக்கு 15 லீற்றர் கொடுத்தால் 20 நிமிடத்தில் முடிந்துவிடும். அந்த நோய்க்கு வைத்தியம் செய்யும் அழுத்த அறை இருப்பது திருகோணமலைக் கடற்படைத் தளத்தில், போக மணிக்கணக்காகும். அங்கே போகத் தயங்குகிறவர்கள் இருப்பார்கள் என்பதால் இதை முதல் நாளே சொல்லிவிட வேண்டும்.

மனதுக்கு என்ன செய்கிறது? அமெரிக்காவில் வோல்டர் ரீட் இராணுவ வைத்தியசாலையில் 2007இலேயே காயப்பட்ட படையினருக்கு ஸ்கூபா தொடங்கிவிட்டார்கள். 2011இல் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் ஆய்வாளர்கள், முள்ளந்தண்டு பாதித்த 10 முன்னாள் படையினரைக் கடலுக்குக் கொண்டுபோய்ப் பார்த்து, மன வடுவின் அறிகுறிகள் குறைந்ததாகவும் தொடுகையுணர்வு சிலருக்குக் கூடியதாகவும் சொன்னார்கள். பத்துப் பேர் என்பது சின்னத் தொகை. அந்த ஆட்களுக்குப் பின்னால் ஓய்வூதியமும் உளவளத்துணையும் இருந்தன. இங்கே வருகிறவர்களில் பாதி மிதிவெடியில் கால் போன சாதாரண சனம். ஓர் உளவளத்துணையாளராவது கரையில் நிற்க வேண்டும், நிற்கவில்லை. ஆனால் முள்ளிவாய்க்கால் பக்கக் கரையைத் தவிர்த்து இடம் தெரிவுசெய்திருக்கிறார்கள். முகக்கவசத்துக்குள் தண்ணீர் விட்டு வெளியேற்றும் பாடத்தையும் முதல் நாள் திணிக்காமல், அவரவர் கேட்கும்வரை தள்ளிவைக்கிறார்கள். இரண்டும் யோசித்துச் செய்த வேலை. கடலடியில் இரும்பைக் கண்டால் தொடாதே என்பதையும் ஒவ்வொரு முறையும் சொல்கிறார்கள்.

போக நினைப்பவர்கள் ஏப்ரல் முதல் செப்ரெம்பர் வரைக்குள் பதியுங்கள். வாடைக்காற்றில் இந்தக் கரை கலங்கிவிடும். மாற்றுச் சலக் குழாய், மெத்தை, பேனை, சொக்ஸ் கொண்டுபோங்கள். இன்னொன்று: நாலாம் நாள் காலை எல்லோரையும் வாகனத்தில் நுவரெலியாவுக்குச் சுற்றுலா கூட்டிப்போகிறார்கள். 1868 மீற்றர் உயரம்; அங்கே காற்றழுத்தம் குறைவதால் அழுத்த நோய் வரக்கூடும். மூன்று நாளும் அடுத்தடுத்து இறங்கிய உடம்புக்குக் குறைந்தது 18 மணித்தியாலமாவது இடைவெளி வேண்டும், 24 என்றால் நல்லது. பயணத்தைப் பின்னேரத்துக்கு மாற்றச் சொல்லுங்கள்.