வாரநாளில் ஆபீஸ், சனிக்கிழமை டிராக்: என் நோவாவுக்கு எந்த இக்னிஷன்?

ஊரில் ஆர்எக்ஸ்100 பைக் வைத்திருந்தவர்களுக்கு சிடிஐ, அதாவது பிளக்குக்குப் பொறி அனுப்பும் எலக்ட்ரானிக் பெட்டி, என்ற சொல் புதிதில்லை. வண்டி நடுரோட்டில் நின்றால் மெக்கானிக் பிளக்கைக் கழற்றி, ஹெட்டில் ஒட்டவைத்து, கிக்கரை உதைத்துப் பார்த்துவிட்டு, "சிடிஐ போயிருச்சு சார்" என்பார். அம்பாசிடர் காலத்து ஆட்களுக்கு அதற்கும் முந்தைய பாடம் உண்டு: சிலிண்டர்களுக்கு முறைப்படி பொறியைப் பிரித்தனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டரின் மூடியைத் திறந்து, பாயின்டை, அதாவது காயிலின் கரன்ட்டை விட்டு நிறுத்தும் சுவிட்சை, உப்புத்தாளால் தேய்த்து, இடைவெளி சரிபார்த்து மூடுவது. அமெரிக்க வி8 கார்களுக்கு விற்கும் இக்னிஷன் சாமான்களும் இந்த இரண்டு பாடங்களின் தொடர்ச்சிதான். பெட்டியின் மேல் அச்சடித்திருக்கும் எண்கள்தான் ஆளை மிரட்டும்.

என்னிடம் இருப்பது 1972 செவ்ரலே நோவா. 350 கன அங்குல வி8, நான்கு பேரல் கார்புரேட்டர், கொஞ்சம் முரட்டுக் கேம் (வால்வுகளைத் திறக்கும் தண்டு). டெக்சாஸ் வெயிலில் வாரம் ஐந்து நாள் ஆபீசுக்குப் போகிறது. மாதத்தில் இரண்டு சனிக்கிழமை எட்டில் ஒரு பங்கு மைல், அதாவது 660 அடி, டிராக்கில் ஓடுகிறது. கியர் மாற்றுவது நிமிடத்துக்கு 6300 சுற்றில். இந்த இரட்டை வாழ்க்கைதான் சிக்கல். ரேஸுக்கு மட்டும் என்றாலோ, ரோட்டுக்கு மட்டும் என்றாலோ தேர்வு சுலபம்.

முதலில் வோல்ட் கதையை முடித்துவிடுவோம். பேட்டரியின் 12 வோல்ட்டைப் பொறிக்கு வேண்டிய அளவு உயர்த்தித் தருவது காயில்; அதன் அட்டையில் 45,000 வோல்ட் என்று போட்டிருப்பார்கள். அது அந்தக் காயிலால் முடிகிற உச்சம், அவ்வளவுதான். பிளக் இடைவெளியைத் தாண்ட எவ்வளவு வேண்டுமோ அந்த அளவு ஏறியதுமே பொறி பாய்ந்துவிடும். சாதாரண ஓட்டத்தில் அது அட்டையில் இருப்பதில் பாதியைக் கூடத் தொடாது. அப்படியானால் எதைப் பார்த்து வாங்குவது? நேரத்தை. எட்டு சிலிண்டர், நான்கு ஸ்ட்ரோக் இன்ஜின் ஒரு சுற்றுக்கு நான்கு பொறி கேட்கும். 6000 சுற்றில் நொடிக்கு 400 பொறி. ஒரு பொறிக்கும் அடுத்ததற்கும் நடுவே 2.5 மில்லிசெகண்ட். அதற்குள் காயிலில் கரன்ட் நிரம்ப வேண்டும், பொறியும் எரிந்து முடிய வேண்டும்.

பாயின்ட் வைத்த பழைய ஏற்பாடு இங்கேதான் திணறுகிறது. சார்லஸ் கெட்டரிங் நூறு வருடங்களுக்கு முன் கொடுத்த வடிவம் அது. செவ்ரலே வி8-ல் பாயின்ட் மூடியிருப்பது ஒவ்வொரு 45 டிகிரியிலும் ஏறக்குறைய 30 டிகிரி. 6000 சுற்றில் கணக்குப் போட்டால் காயிலுக்குக் கிடைப்பது 1.7 மில்லிசெகண்டுக்குள். கூடுதல் கரன்ட் கொடுத்து ஈடுகட்டலாம் என்றால் பாயின்ட் கருகிவிடும். போதாக்குறைக்கு, வேகம் ஏற ஏற அதன் ஸ்பிரிங் துள்ள ஆரம்பிக்கும். அதைக் கழற்றிவிட்டு அதே டிஸ்ட்ரிபியூட்டருக்குள் பெர்ட்ரானிக்ஸ் இக்னைட்டர் மாதிரி ஒரு சென்சாரைப் போடலாம். செலவு குறைவு, அரை மணி நேர வேலை, வெளியிலிருந்து பார்த்தால் பழைய கார் பழைய கார் மாதிரியே இருக்கும். ஒரு எச்சரிக்கை: முதல் தலைமுறை இக்னைட்டரில் இன்ஜின் ஓடாமல் சாவியை ஆன் நிலையில் விட்டுவிட்டுப் பாட்டு கேட்டுக்கொண்டிருந்தால் உள்ளே இருப்பது சூடேறிக் கெட்டுப்போகும். மூன்றாம் தலைமுறையில் இன்ஜின் வேகம் எல்லை தாண்டாமல் தடுக்கும் ரெவ் லிமிட்டரே சேர்ந்து வருகிறது. ஞாயிற்றுக்கிழமை காபி குடிக்கப் போகிற காருக்கு இது போதும். டிராக்குக்கு நான் இதை எடுக்கவில்லை.

உண்மையான போட்டி எச்இஐ-க்கும், சிடிஐ-யின் சுருக்கப் பெயரான சிடி பெட்டிக்கும்தான்.

எச்இஐ என்பது ஜெனரல் மோட்டார்ஸ் 1975 மாடல்களில் எல்லாக் காருக்கும் பொதுவாக்கிய எலக்ட்ரானிக் இக்னிஷன். தோசைக்கல் மாதிரி அகலமான மூடி, வி8-ல் அந்த மூடிக்குள்ளேயே காயில், அடியில் பாயின்டின் வேலையைச் செய்யும் கட்டைவிரல் நீள மாட்யூல் ஒன்று. வெளியிலிருந்து வருகிற முக்கியமான வயர் ஒன்றே ஒன்று, பன்னிரண்டு வோல்ட். அந்த எளிமைதான் எனக்கு இதில் மிகவும் பிடித்தது. குப்பைக் கடையில் கழற்றிய எச்இஐ-யை வைத்துக்கொண்டு எத்தனையோ பேர் நன்றாகவே ஓட்டுகிறார்கள். பொறி நின்று எரியும், ஒரு மில்லிசெகண்டுக்கு மேல். கம்பி மத்தாப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். கலவை மெலிந்திருக்கும் நெடுஞ்சாலை ஓட்டத்தில் இப்படி நீண்டு எரிகிற பொறிதான் விட்டுப்போகாமல் பற்றவைக்கும்.

அதன் குறையும் நேரம்தான். காயில் முழுசாக நிரம்ப ஏறக்குறைய 3 மில்லிசெகண்ட் கேட்கும். கம்பெனி மாட்யூலோடு 5000 சுற்றைத் தாண்டினால் பொறி தளரத் தொடங்கும். அதிகக் கரன்ட் விடுகிற வெளி மாட்யூலும் அதற்கேற்ற காயிலும் போட்டால் 6000, 6500 வரை இழுக்கலாம். மாட்யூல் மாற்றும்போது அடியில் வெள்ளை கிரீஸ் தடவ மறந்தால் சூடு இறங்க வழியில்லாமல் சீக்கிரமே செத்துப்போகும். கிரீஸ் பாக்கெட் கூடவே வரும். அதைப் பிரிக்காமலே குப்பையில் போட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

நான் செய்த முட்டாள்தனம் வேறு. 1972 நோவா பாயின்டோடு வந்த கார். பாயின்ட் கருகாமலிருக்க, சாவியிலிருந்து காயிலுக்கு வரும் வயரே மின்தடை வயராக இருக்கும். அது தெரியாமல் அதே வயரை எச்இஐ-யில் செருகிவிட்டேன். ஸ்டார்ட் சுகமாக ஆனது, ஏனென்றால் ஸ்டார்ட்டர் சுற்றும் நேரத்தில் மட்டும் இன்னொரு வயர் முழு 12 வோல்ட்டைக் கொடுத்துவிடும். ஆபீசுக்கும் போய்வந்தேன், ஒரு குறையும் இல்லை. சனிக்கிழமை பச்சை விளக்கு விழுந்து முதல் கியரில் 4500 தாண்டியதும் இன்ஜின் இருமியது, மிஸ் அடித்தது, பின்னால் புகைக்குழாயில் படபடவென்று வெடித்தது. கார்புரேட்டர் என்று நினைத்து இரண்டு வாரம் ஜெட் மாற்றிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் கார் நிறுத்தியிருந்த ஒரு பெரியவர் மல்டிமீட்டரை நீட்டி, "முதலில் இங்கே எவ்வளவு வருகிறது என்று பாருங்கள்" என்றார். இன்ஜின் ஓடும்போது ஒன்பது சொச்சம் காட்டியது. ஃபியூஸ் பெட்டியிலிருந்து தடித்த வயர் ஒன்றைப் புதிதாக இழுத்ததும் நோய் போய்விட்டது. எச்இஐ சரியில்லை என்று புலம்புகிறவர்களில் பாதிப் பேருக்கு இந்த வயர்தான் வியாதி என்பது என் சந்தேகம்.

அடுத்தது சிடி. ஆர்எக்ஸ்100-ல் இருந்த அதே தத்துவம், உடம்புதான் பெரிது. காயிலை மெதுவாக நிரப்புவதற்குப் பதில், பெட்டிக்குள் இருக்கும் கெப்பாசிட்டரில் 500 வோல்ட்டுக்கு மேல் ஏற்றி வைத்துக்கொண்டு, வேண்டிய நொடியில் மொத்தத்தையும் காயிலில் கொட்டிவிடும். 1 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டரில் 530 வோல்ட் ஏற்றினால் சக்தி 140 மில்லிஜூல். அடுத்த சிலிண்டர் முறை வருவதற்குள் மறுபடி நிரம்பிவிடுவதால் 7000 சுற்றிலும் பொறியின் பலம் குறையாது. பொறி சட்டென்று எகிறுவதால் பெட்ரோல் நனைத்த பிளக்கிலும் பாய்ந்துவிடும். முரட்டுக் கேம் போட்டு, வரிசையில் நின்று ஐடிலில் புகைந்துகொண்டிருக்கும் காருக்கு இது பெரிய வரம்.

ஆனால் அது சீனிவெடி. பட்டென்று வெடித்து அடங்கிவிடும், மத்தாப்பு மாதிரி நிற்காது. அந்தக் குறையைச் சரிக்கட்டத்தான் டெக்சாஸின் மேற்குக் கோடி எல் பாசோவில் தொடங்கிய எம்எஸ்டி நிறுவனம் ஒரு பொறிக்குப் பதில் சரவெடியாகப் பல பொறி விடும் பெட்டியைக் கொண்டுவந்தது. நிறுவனத்தின் பெயருக்கே பல பொறி என்பதுதான் அர்த்தம். 2015-இல் ஹோலி அதை வாங்கிவிட்டது. விளம்பரத்தில் பலர் கவனிக்காத விஷயம்: சரவெடி 3000 சுற்று வரைதான். கிராங்க் 20 டிகிரி திரும்பும் நேரத்துக்குள் அத்தனை பொறியும் முடிந்தாக வேண்டும். 1000 சுற்றில் அது 3.3 மில்லிசெகண்ட், பல பொறி விட இடமிருக்கிறது. 3000-இல் 1.1 தான். அதற்கு மேல் ஒற்றை வெடி மட்டுமே. ஆக, பல பொறி என்பது ஐடிலுக்கும் ஊருக்குள் ஓட்டுவதற்கும் கிடைக்கும் நன்மை. டிராக் முடிவில் மணிக்கு எத்தனை மைல் என்பதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

இதில் நான் காசு கொடுக்கத் தயாராக இருந்தது பொறிக்காக அல்ல, ரெவ் லிமிட்டருக்காக. கியர் தவறி விழுந்தாலோ டிரைவ்ஷாஃப்ட் உடைந்தாலோ இன்ஜின் கண்மூடித் திறப்பதற்குள் எட்டாயிரத்துக்குப் பாயும். எம்எஸ்டியின் டிஜிட்டல் 6ஏஎல் என்ற சிடி பெட்டியில் சின்னத் திருகு இரண்டைத் திருப்பி நூறு நூறாக எல்லை வைக்கலாம். பழைய 6ஏஎல்-இல் வில்லை மாதிரி ஒன்றைச் செருக வேண்டும், வேறு எல்லை வேண்டுமென்றால் வேறு வில்லை. ஸ்டார்ட்டிங் கோட்டில் இன்ஜினை ஒரே சுற்றில் பிடித்து வைக்கும் டூ-ஸ்டெப் வேண்டுமா? அதற்கு டிஜிட்டல் 6ஏஎல்-2 வாங்க வேண்டும், சாதாரண 6ஏஎல்-இல் அது கிடையாது. பிராக்கெட் ரேஸில் நாம் முன்கூட்டி எழுதிக்கொடுத்த நேரத்தை ஒட்டி ஓடுவதுதானே ஆட்டம். ஒவ்வொரு முறையும் ஒரே சுற்றில் கிளம்புவதற்கு இருக்கும் மதிப்பு கூடுதல் ஐந்து குதிரைத்திறனுக்குக் கிடையாது.

சிடி-க்கு ஆகும் சில்லறைச் செலவுகளையும் சேர்த்துப் பாருங்கள். கார்பன் அல்லது சுருள் கம்பி வைத்த பிளக் வயர்தான் வேண்டும். வெறும் உலோகக் கம்பி போட்டால் இரைச்சலில் பெட்டியே குழம்பும். பழைய டாக்கோமீட்டர் சிலவற்றுக்கு அடாப்டர் தேவைப்படும். காயிலின் இரண்டு முனையிலும் பெட்டியின் வயரைத் தவிர வேறு எதையும் மாட்டக் கூடாது. பழக்கதோஷத்தில் டெஸ்ட் லைட்டைக் கொண்டுபோனால் 500 வோல்ட் காத்திருக்கும். அப்புறம், எச்இஐ ஆனாலும் சிடி ஆனாலும், சிறிய செவ்ரலேயின் பற்றவைப்பு வரிசை 1-8-4-3-6-5-7-2. ஐந்தும் ஏழும் அக்கம்பக்கத்து சிலிண்டர்கள், அடுத்தடுத்துப் பற்றுபவை. இரண்டின் வயரையும் ஒட்டிக் கட்டினால் ஐந்தின் பொறி ஏழில் முன்கூட்டியே தூண்டிவிடும். அழகுக்காக எட்டு வயரையும் ஜடை பின்னுகிறவர்கள் இந்த இரண்டை மட்டுமாவது பிரித்து விடவும்.

தானே மின்சாரம் உண்டாக்கிப் பொறி விடும் மேக்னெட்டோ பற்றிக் கேட்பவர்கள் உண்டு. டாப் ஃபியூயல் என்ற உச்ச வகை டிராக் ரேஸ் கார்களில் சிலிண்டருக்கு இரண்டு பிளக், இரண்டு மேக்னெட்டோ. பேட்டரியே வேண்டாம், வேகம் கூடக் கூடப் பொறியும் பலமாகும். ஐடிலில் சோகை. ஆபீஸ் போகிற காருக்குச் சொல்லாதீர்கள். சிலிண்டருக்கு ஒரு காயில் என்ற ஏற்பாடு, 1997 கார்வெட்டின் எல்எஸ்1-இல் வந்தது மாதிரி, பொறியியலாகப் பார்த்தால் எல்லாவற்றையும்விட உயர்ந்தது. 7000 சுற்றிலும் ஒரு காயிலுக்கு 17 மில்லிசெகண்ட் கிடைக்கும், மத்தாப்பும் கிடைக்கும் வேகமும் கிடைக்கும். எல்எஸ் இன்ஜின் ஏற்கெனவே இருந்தால் வேறெதையும் யோசிக்க வேண்டாம். என் பழைய 350-க்கு அதைக் கொண்டுவர கிராங்க் சென்சார், கம்ப்யூட்டர், வயரிங் என்று காரின் விலையில் பாதி போய்விடும்.

டிஸ்ட்ரிபியூட்டர் வாங்கும்போது வேக்கம் அட்வான்ஸ், அதாவது சுமை குறைந்த ஓட்டத்தில் பொறியை இன்னும் முன்கூட்டி விடும் அமைப்பு, இருக்கிறதா என்று பாருங்கள். ரேஸுக்கென்றே விற்பவை பலவற்றில் அது இருக்காது. பிஸ்டன் உச்சிக்கு வருமுன் பொறி விடும் அளவு என் காரில் ஆரம்பம் 12 டிகிரி, மொத்தம் 36, அது 2800 சுற்றுக்குள் முழுசாக வந்துவிடும். நெடுஞ்சாலையில் வேக்கம் இன்னும் பத்துப் பன்னிரண்டு டிகிரி சேர்க்கும். அதைக் கழற்றிவிட்டு ஒரு வாரம் ஓட்டிப் பார்த்தேன். டிராக் நேரம் இம்மியும் மாறவில்லை. ரேடியேட்டர் முள் ஏறியது, பெட்ரோல் பில்லும் ஏறியது.

சரி, கடைசியில் எதை எடுத்தேன்? எச்இஐ-யோடு இரண்டு வருடம் ஓட்டினேன். கேம் மாற்றி எல்லை 6300-க்குப் போனதும் சிடி பெட்டி ஒன்றைச் செகண்ட்ஹேண்டில் வாங்கினேன். புகை வெளியேறும் சூடான ஹெடர் பைப்பிலிருந்து ஒரு சாண் தள்ளி, இடம் இருந்ததே என்று பொருத்தியது என் தப்பு. டிராக்கிலிருந்து திரும்பும் ஒரு ராத்திரியில் பெட்டி வெந்து செத்தது. எச்இஐ மாட்யூல் என்றால் டாஷ்போர்டு டிராயரில் இருந்திருக்கும், இரண்டு ஸ்க்ரூதான். அன்று டோ வண்டிக்காக இரண்டரை மணி நேரம் கொசுக்கடி.

இப்போது இருப்பது ரெடி-டு-ரன் வகை டிஸ்ட்ரிபியூட்டர், பக்கத்தில் பிளாஸ்டர் 2 காயில், சீட்டுக்கு முன்னால் காற்றோட்டமான இடத்தில் டிஜிட்டல் 6ஏஎல்-2. அந்த டிஸ்ட்ரிபியூட்டருக்குள்ளேயே மாட்யூல் இருக்கிறது. அதன் ஆரஞ்சு வயர் பெட்டியின் வெள்ளை வயருக்குப் போகிறது. பெட்டி கைவிட்டால் சாவியை அணைத்து, ஆரஞ்சைக் காயிலின் நெகட்டிவில் மாற்றி, பாசிட்டிவுக்கு 12 வோல்ட் கொடுத்தால் போதும், லிமிட்டரும் டூ-ஸ்டெப்பும் இல்லாமல் வீடு வந்து சேரலாம். இதற்கென்றே செருகி ஒன்று தயார் செய்து சிவப்பு டேப் சுற்றி வைத்திருக்கிறேன். இருட்டில், டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு, வீட்டு வாசலில் ஒத்திகை பார்த்தேன். நான்கு நிமிடம் ஆனது.